வேலையில் மனம் ஒட்டவில்லையா?

வாரத்துக்கு 44 மணி நேரம். சிங்கப்பூரின் வேலை நியமனச் சட்டம், தன் வேலைநேரப் பிரிவுக்குள் வரும் ஊழியர்களுக்கு வகுத்திருக்கும் வழக்கமான உச்சவரம்பு இது. ஓவர்டைமையும் எம்ஆர்டியிலும் பேருந்திலும் கழியும் நேரத்தையும் இதோடு கூட்டினால், பலருக்கு விழித்திருக்கும் பொழுதில் பாதிக்குமேல் வேலைக்கே போய்விடுகிறது. அத்தனை நேரமும் மனம் வேண்டாவெறுப்பாகக் கிடந்தால், மிச்ச நேரத்தில் மட்டும் உடம்பு நலமாக இருந்துவிடாது.

"சம்பளம் வந்தால் போதும், வேலையில் சந்தோஷம் எதற்கு?" என்று சொல்லிச் சொல்லியே நம்மில் பலர் பழகிவிட்டோம். ஆனால் வேலையில் இருக்கும் மனநிறைவு ஆடம்பரப் பொருளன்று. அது தூக்கத்தையும் பசியையும் இதயத்தையும் தொடும் உடல்நல விஷயம். சிங்கப்பூர் சுகாதார அமைச்சின் தேசிய ஆய்வின்படி, மனநலம் குன்றியவர்களின் விகிதம் 2020இல் 13.4 விழுக்காடாக இருந்தது. 2022இல் அது 17 விழுக்காடாக உயர்ந்தது. 18 முதல் 29 வயது வரையிலானவர்களில் நால்வரில் ஒருவருக்கு இந்த நிலை. படிப்பை முடித்து வேலைக்குள் நுழையும் வயது இது என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

சோம்பல் என்று ஒதுக்காதீர்கள்

காலையில் எழும்போதே களைப்பு. மேலாளரின் பெயர் கைப்பேசியில் தெரிந்தாலே எரிச்சல். "நான் என்ன செய்து என்ன ஆகப்போகிறது" என்ற சலிப்பு. இவை வாரக்கணக்கில் தொடர்ந்தால் வீட்டில் இருப்பவர்கள் சோம்பல் என்பார்கள். நாமும் நம்மையே திட்டிக்கொள்வோம்.

உலகச் சுகாதார நிறுவனம் இந்த நிலைக்கு 2019இல் தெளிவான வரையறை தந்தது. சமாளிக்கப்படாத நீண்டகால வேலை அழுத்தத்தால் ஏற்படும் இந்தச் சோர்வுநிலைக்கு மூன்று அடையாளங்கள்: உடலும் மனமும் வற்றிப்போதல், வேலையிலிருந்து மனம் விலகிக் கசந்துபோதல், வேலைத்திறன் குறைந்துவிட்டது என்ற உணர்வு. அந்நிறுவனம் இதை நோய் என்று வகைப்படுத்தவில்லை. வேலையிடத்தோடு தொடர்புடைய நிகழ்வு என்றே சொல்கிறது. ஆகவே ஊழியரை மட்டும் திருத்தப் பார்ப்பதில் பயனில்லை. வேலையிடத்தையும் பார்க்க வேண்டும்.

மன அழுத்தம் முதலில் உடம்பில்தான் தலைகாட்டும். அடிக்கடி வரும் தலைவலி, கழுத்திலும் தோளிலும் இறுக்கம், நெஞ்செரிச்சல், நடு இரவில் விழிப்பு, அளவுக்கு மீறிய இனிப்பும் டீயும் என்று அது பல வடிவம் எடுக்கும். சிங்கப்பூர் இந்தியர்களிடையே நீரிழிவு ஏற்கெனவே அதிகம். அழுத்தத்தைத் தின்றும் குடித்தும் தணிக்கும் பழக்கம் நமக்குக் கூடுதல் ஆபத்து.

மனத்துக்கு வேண்டிய மூன்று

ஊக்கம் எங்கிருந்து வருகிறது? அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் டெசி 1971இல் ஒரு சோதனையை வெளியிட்டார். மாணவர்களிடம் துண்டுகளை இணைக்கும் புதிர் ஒன்றைக் கொடுத்தார். ஒரு குழுவினருக்கு நடுவில் ஒரு கட்டத்தில் மட்டும், தீர்த்த புதிருக்கு ஏற்பப் பணம் தந்தார். பணம் நின்ற பிறகு, ஓய்வு இடைவேளையில் அந்தக் குழுவினர் புதிரைத் தொட்ட நேரம் குறைந்துபோனது. முன்பு ஆசைக்காகச் செய்தது கூலிக்கான வேலையாக மாறியிருந்தது.

பின்னர் அவரும் ரிச்சர்ட் ரயனும் சேர்ந்து வளர்த்த கோட்பாடு, மனித மனத்துக்கு அடிப்படைத் தேவைகள் மூன்று என்கிறது. ஒன்று, தான் செய்வதில் தனக்கும் ஒரு சொல் இருக்க வேண்டும். இரண்டு, திறமை வளர்கிறது என்று உணர வேண்டும். மூன்று, கூட இருப்பவர்களோடு உறவு வேண்டும். ஊதியம் நியாயமாக இல்லாவிட்டால் இவை எதுவும் நிலைக்காது. ஊதியம் நியாயமாக இருந்தும் இவை இல்லாவிட்டால் மனம் ஒட்டாது.

முதல் தேவையின் வலிமையை லண்டன் அரசு ஊழியர்களிடம் பல ஆண்டுகள் நடந்த வைட்ஹால் ஆய்வுகள் காட்டின. தம் வேலையை எப்படிச் செய்வது என்று முடிவெடுக்கும் உரிமை குறைந்தவர்களுக்கு இதயநோய் ஆபத்து கூடுதலாக இருந்தது.

"எனக்கு உற்சாகமே இல்லை" என்று தோன்றும்போது, இந்த மூன்றில் எது குறைகிறது என்று கேட்டுப் பாருங்கள். விடை ஆளுக்கு ஆள் மாறும். ஷென்டன் வேயில் நல்ல சம்பளம் வாங்கும் கணினிப் பொறியாளருக்குக் குறைவது உறவாக இருக்கலாம். தேக்காவில் பல ஆண்டுகளாகக் கல்லாவில் நிற்பவருக்குக் குறைவது புதிதாகக் கற்கும் வாய்ப்பாக இருக்கலாம்.

லிட்டில் இந்தியாவின் ஞாயிற்றுக்கிழமை

ஞாயிறு மாலையில் சிராங்கூன் ரோட்டில் நடந்தால், தோளோடு தோள் உரசும் கூட்டம். வாரம் முழுவதும் கட்டுமானத் தளங்களிலும் கப்பல் பட்டறைகளிலும் உழைத்த தமிழ்நாட்டு இளைஞர்கள் ஊர்க்காரர்களைத் தேடி வருகிறார்கள். வீட்டுக்குப் பணம் அனுப்புகிறார்கள், வீரமாகாளியம்மன் கோயிலில் கும்பிடுகிறார்கள், வாழையிலையில் சாப்பிடுகிறார்கள், புல்தரையில் உட்கார்ந்து கதை பேசுகிறார்கள். சற்றுத் தள்ளி லெம்பு ரோட்டுப் பக்கம் பங்ளாதேஷ் ஊழியர்கள் கூடுகிறார்கள். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது நெரிசல். உடல்நல நோக்கில், தங்குவிடுதியும் வேலைத்தளமும் தராத உறவை அவர்கள் தாங்களே தேடி எடுத்துக்கொள்ளும் நேரம்.

இவர்களிடம் போய் "வேலையை நேசியுங்கள்" என்று அறிவுரை சொல்ல முடியாது. பலர் முகவர் கட்டணத்துக்காக வாங்கிய கடனோடு வந்தவர்கள். கடன் அடையும்வரை வேலையை விடவும் முடியாது, முதலாளியிடம் மறுத்துப் பேசவும் தயக்கம். இப்படித் தன் சொல்லுக்கு இடமில்லாத நிலையே மனத்தை அதிகம் அரிக்கிறது. தங்கைக்குத் திருமணம், ஊரில் ஒரு வீடு, பிள்ளைக்குப் படிப்பு என்ற நோக்கம் அவர்களைத் தாங்கிப் பிடிக்கிறது. ஆனால் நோக்கம் மட்டுமே ஓய்வுக்கு ஈடாகாது.

வேலை பறிபோனால் என்ன ஆகும் என்பதையும் இதே பேட்டையில் பார்க்கலாம். காயம்பட்டு அல்லது சம்பள வழக்கில் சிக்கி வேலை செய்ய முடியாமல் காத்திருக்கும் வெளிநாட்டு ஊழியர்களுக்கு, டிடபிள்யூசி2 என்ற தொண்டு அமைப்பு 2008 முதல் 'கஃப் ரோடு' திட்டத்தின்கீழ் இலவச உணவு வழங்கி வருகிறது. அப்படிக் காத்திருப்பவர் இழப்பது கூலியை மட்டுமல்ல. நாளுக்கு ஒரு ஒழுங்கையும் தனக்கென்று ஓர் இடத்தையும் சேர்த்தே இழக்கிறார்.

2014இல் தொடங்கிய வெளிநாட்டு ஊழியர் கவிதைப் போட்டியில் தமிழ் ஊழியர்களும் பங்கேற்றார்கள். மேடையேறும்போது ஒருவர் பர்மிட் எண்ணாக இல்லாமல் கவிஞராக நிற்கிறார். வேலைக்கு வெளியே திறமையைக் காட்ட ஓர் இடம் இருப்பது, வேலைக்குள் தாக்குப்பிடிக்கவும் தெம்பு தரும்.

ஓய்வைக் கேட்டு வாங்குங்கள்

உலகச் சுகாதார நிறுவனமும் அனைத்துலகத் தொழிலாளர் அமைப்பும் 2021இல் வெளியிட்ட ஆய்வின்படி, வாரம் 35 முதல் 40 மணி நேரம் வேலை செய்வோரைவிட, 55 மணி நேரமும் அதற்கு மேலும் வேலை செய்வோருக்குப் பக்கவாத ஆபத்து 35 விழுக்காடு அதிகம். இதயநோயால் இறக்கும் ஆபத்து 17 விழுக்காடு அதிகம். இரவு பகல் பாராமல் உழைப்பதைப் பெருமையாகப் பேசும் நம் வழக்கத்தை இந்த எண்களுக்கு எதிரே வைத்துப் பார்க்க வேண்டும்.

சட்டத்தின் வேலைநேரப் பிரிவுக்குள் வரும் ஊழியருக்கு வாரம் ஒரு ஓய்வுநாள் உண்டு. ஓவர்டைமுக்கு ஒன்றரை மடங்கு ஊதியம் உண்டு. அதற்கு மாதம் 72 மணி நேரம் என்ற வரம்பும் உண்டு. இல்லப் பணிப்பெண்களுக்கு 2023 ஜனவரி 1 முதல் மாதத்தில் ஒரு ஓய்வுநாளையாவது பணம் கொடுத்து ஈடுகட்ட முடியாது. கட்டாயம் விடுப்பே தர வேண்டும். உங்கள் வீட்டில் பணிப்பெண் இருந்தால், அவரது ஓய்வு உங்கள் பொறுப்பு.

அலுவலகத்தில் இருப்பவர்களுக்குச் சிக்கல் வேறு வகை. உடம்பு வீட்டுக்கு வந்துவிடும், மனம் வேலைக்குழுவின் வாட்ஸ்அப்பிலேயே இருக்கும். இரவு உணவுக்குப் பின் அந்தக் குழுவை ஒலியடக்கி வையுங்கள். அவசரத்துக்கு எப்படி அழைப்பது என்று முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டால் குற்ற உணர்வு வராது. அந்த நேரத்தில் வீட்டைச் சுற்றியுள்ள பூங்காவில் அரைமணி நடங்கள். தூக்கத்துக்கு ஏழு மணி நேரமாவது ஒதுக்குங்கள்.

அதே வேலை, சிறு மாற்றங்கள்

வேலையை மாற்றுவது எல்லாருக்கும் முடிகிற காரியமில்லை. வேலை அனுமதி, வீட்டுக் கடன், பிள்ளைகளின் பள்ளி என்று கட்டுகள் பல. இருக்கிற வேலையையே கொஞ்சம் நமக்கேற்றபடி அமைத்துக்கொள்ளலாம். ஏமி ரெஸ்னியெவ்ஸ்கி, ஜேன் டட்டன் என்ற இரு ஆய்வாளர்கள் அமெரிக்க மருத்துவமனை ஒன்றின் துப்புரவு ஊழியர்களிடம் பேசினார்கள். சிலர் தங்கள் வேலை துடைப்பதும் கூட்டுவதும் என்றார்கள். வேறு சிலர் நோயாளிகளோடு பேசினார்கள், உறவினருக்கு வழி காட்டினார்கள், நோயாளி குணமடைவதில் தங்களுக்கும் பங்கு உண்டு என்று நம்பினார்கள். ஊதியமும் பணியும் ஒன்றாக இருந்தும், மனநிறைவு வேறாக இருந்தது.

தெரேசா அமபில் தலைமையிலான ஆய்வில் 238 ஊழியர்கள் எழுதிய ஏறத்தாழ 12,000 நாட்குறிப்புகள் ஆராயப்பட்டன. நல்ல நாள் என்று அவர்கள் உணர்ந்த நாள்களில் மிகுதியாகத் தென்பட்டது, அர்த்தமுள்ள வேலையில் ஏற்பட்ட சிறு முன்னேற்றம்.

இவற்றிலிருந்து நாம் எடுத்துக்கொள்ளக்கூடியவை சில:

- நாள் முடிவில் இன்று முடித்த ஒரு காரியத்தைக் குறித்து வையுங்கள். முடியாதவற்றின் பட்டியல் தானாகவே நினைவில் நிற்கும், முடித்ததுதான் மறந்துபோகும்.
- உங்கள் வேலையால் யாருக்கு நன்மை என்று பெயர் சொல்லிப் பாருங்கள். பஃபலோ ரோட்டில் பூத்தொடுப்பவரின் மாலை மணமக்களின் தோளில் ஏறுகிறது. பேருந்து ஓட்டுநரின் நேரந்தவறாமை ஒரு தாதியைப் பணிக்குக் கொண்டு சேர்க்கிறது.
- ஆண்டுக்கு ஒரு புதிய திறன் கற்றுக்கொள்ளுங்கள். 25 வயதை எட்டிய சிங்கப்பூரர்களுக்கு ஸ்கில்ஸ்ஃபியூச்சர் கணக்கில் இருக்கும் தொகை இதற்காகவே தரப்பட்டது.
- மதிய உணவைக் கணினி முன் தனியாகச் சாப்பிடாதீர்கள். உணவங்காடிக்கு ஒரு சக ஊழியரை அழைத்துச் செல்லுங்கள்.

முதலாளிகளுக்கும் மேலாளர்களுக்கும்

அநியாயமான வேலைப்பளுவை மூச்சுப்பயிற்சியால் சரிசெய்ய முடியாது. பாக்கி வைத்த சம்பளத்தை ஊக்கப் பேச்சு ஈடுகட்டாது. மனநலத்தைப் பேணுவதில் நிறுவனங்களுக்குள்ள பங்கை 2020இல் வெளியான முத்தரப்பு ஆலோசனைக் குறிப்பு விளக்குகிறது. ஊழியர்களின் மனஅழுத்தத்துக்கான காரணங்களைக் கண்டறிய 'ஐவொர்க்ஹெல்த்' என்ற இலவச இணையக் கருவியும் உண்டு.

2024 டிசம்பர் 1 முதல், தகுதிகாண் காலத்தை முடித்த ஊழியர் நீக்குப்போக்கான வேலை ஏற்பாட்டை முறைப்படி எழுதிக் கேட்டால், நிறுவனம் இரண்டு மாதத்துக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும். வயதான பெற்றோரைப் பார்த்துக்கொள்பவர்களும் சிறு குழந்தை உள்ளவர்களும் தயங்காமல் இதைப் பயன்படுத்தலாம்.

சிறிய கடை நடத்துபவர்களுக்கும் இது பொருந்தும். ஊழியரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். வேலை அட்டவணையை முன்கூட்டியே சொல்லுங்கள். வாடிக்கையாளர் முன்னால் திட்டாதீர்கள். நன்றாகச் செய்ததை அன்றே பாராட்டுங்கள். இவை எதற்கும் பணம் செலவாகாது.

எப்போது உதவி நாட வேண்டும்?

சோர்வு, தூக்கமின்மை, எதிலும் நாட்டமின்மை இரண்டு வாரத்துக்குமேல் தொடர்ந்தால், அது வேலைச் சலிப்பைத் தாண்டி மனச்சோர்வு நோயாக இருக்கலாம். பலதுறை மருந்தகத்திலோ உங்கள் வழக்கமான மருத்துவரிடமோ சொல்லுங்கள். வெறும் தலைவலி என்று மட்டும் சொல்லி மாத்திரை வாங்கி வந்துவிடாதீர்கள். தூக்கத்தையும் மனத்தையும் பற்றி வாய்விட்டுப் பேசுங்கள்.

- 1771: தேசிய மனநல உதவி எண், 24 மணி நேரமும் இயங்குகிறது.
- 1767: சிங்கப்பூர் அபய ஆலோசனைச் சங்கம். வாழவே பிடிக்கவில்லை என்ற எண்ணம் வந்தால் உடனே அழையுங்கள்.
- 3129 5000: வெளிநாட்டு ஊழியர்களுக்கான ஹெல்த்செர்வ் அமைப்பின் நெருக்கடி உதவி எண்.
- 6536 2692: வெளிநாட்டு ஊழியர் நிலையம். சம்பளம், வேலை தொடர்பான சிக்கல்களுக்கு.
- 995: உயிருக்கு ஆபத்தான அவசரநிலையில்.

"மனநல மருத்துவரிடம் போனால் நாலு பேர் என்ன சொல்வார்கள்?" என்ற அச்சம் நம் சமூகத்தில் இன்னும் இருக்கிறது. சர்க்கரைக்கு மருந்து சாப்பிடுவதை நாம் யாரும் மறைப்பதில்லை. மனத்துக்கும் அதே நியாயம்தான். இந்த வாரம் உங்கள் வேலையிடத்தில் பேச்சுக் குறைந்து, முகம் வாடி இருக்கும் ஒருவரிடம் "சாப்பிட்டீர்களா, தூக்கம் வருகிறதா?" என்று கேளுங்கள். அந்த ஒருவர் நீங்களாகவே இருந்தால், இன்றே யாரிடமாவது சொல்லுங்கள்.