உங்களுக்குத் தெரியுமா? முன்னங்காலால் பட்டு நூற்கும் பூச்சி!

* சிலந்திக்கு வயிற்று நுனியில் நூல் வரும், பட்டுப்புழுவுக்கு வாயில். வலைப்பின்னிப் பூச்சிக்கோ முன்னங்காலில்! பாதத்தின் முதல் கணு மட்டும் வீங்கியதுபோல் பருத்திருக்கும். உள்ளே பட்டுச் சுரப்பிகள் நெருக்கியடித்துக்கொண்டு கிடக்கின்றன. காலை ஒருமுறை வீசினால் ஒரே நேரத்தில் பல இழைகள் வெளிவரும். ஆண், பெண் மட்டுமல்ல, முட்டையிலிருந்து வந்த குஞ்சுக்கும் இந்தக் கைத்தொழில் தெரியும்.

* 1837இல் வெஸ்ட்வுட் என்ற ஆங்கிலேய ஆய்வாளர் இவற்றைக் கறையானின் சொந்தம் என்று எழுதினார். பார்வைக்கு அப்படித்தான் தோன்றும். ஆனால் குச்சிப்பூச்சிகளே நெருங்கிய உறவு என்பது இன்றைய மரபணு ஆய்வுகளின் முடிவு.

* வலைப்பின்னிகளில் ‘ஒலிகோடோமிடே’ என்பது ஆசியா, ஆஸ்திரேலியா, மத்தியதரைக் கடலோரம் ஆகியவற்றைத் தாயகமாகக் கொண்ட குடும்பம். 1909இல் எண்டர்லைன் என்ற ஆய்வாளர் இதைத் தனிக் குடும்பமாக்கினார். இந்தியாவிலிருந்து முதலில் விவரிக்கப்பட்ட ‘ஒலிகோடோமா சாண்டர்சி’ செடிகொடிகளோடு கப்பலேறி, இன்று வெப்பநாடுகள் பலவற்றில் குடியேறிவிட்டது. இதன் உறவான கறுப்பு வலைப்பின்னி, பேரீச்சங்கன்றுகளோடு அமெரிக்கா போய்ச் சேர்ந்தது.

* வலைப்பின்னிகளுக்குத் தாமே நூற்ற பட்டுச் சுரங்கத்துக்குள்ளேயே வாழ்க்கை, திரும்ப இடமில்லை. அதனால் முன்னே ஓடும் வேகத்திலேயே பின்னேயும் ஓடும். பின்னங்கால் தொடை பருத்திருப்பது இதற்காகத்தான். வாலருகே இருக்கும் இரண்டு உணர்நீட்சிகள், பின்னால் போகும்போது வழியைத் தடவிப் பார்த்துச் சொல்லும்.

* இறக்கை பெண்ணுக்குக் கிடையாது. ஆணுக்குப் பெரும்பாலும் உண்டு. ஆனால் இறக்கையோடு சுரங்கத்தில் பின்னோக்கி ஓடினால் சிக்காதா? சிக்காது. அது துணிபோலத் தொய்ந்து, தலைப்பக்கமாக மடிந்துகொள்ளும். பறக்க வேண்டுமென்றால் இறக்கை நரம்புக்குள் இரத்தத்தை ஏற்றி விறைப்பாக்கிக்கொள்ளும். இந்தப் பூச்சியிடம் எனக்கு மிகவும் பிடித்த வித்தை இதுதான்.

* வளர்ந்த ஆண் எதுவும் சாப்பிடுவதில்லை. தாடை இருப்பது பெண்ணின் தலையைக் கவ்விப் பிடிக்க! பெண்ணும் குஞ்சுகளும் மரப்பட்டை, பாசி, சருகு ஆகியவற்றைத் தின்னும். தாய் முட்டைகளை விட்டு அகலாமல் காவல் காக்கும்.

* பெண்ணை மட்டும் வைத்து இனத்தைச் சொல்வது நிபுணருக்கே கஷ்டம். ஆணின் வயிற்று நுனியில் இடமும் வலமும் ஒன்றுபோல் இருக்காது. அந்தக் கோணல்தான் அடையாள அட்டை. நூறு வயதைத் தொட்டு 2016இல் மறைந்த அமெரிக்கர் எட்வர்ட் ராஸ், ஆயுளில் பெரும்பகுதியை இந்தப் பூச்சிகளுக்கே கொடுத்தவர். இதுவரை பெயரிடப்பட்டவை சுமார் 400 இனங்கள்.

* தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் இவை உண்டு. மரப்பட்டை வெடிப்பில் வெள்ளையாக, குழாய் குழாயாக நூலாம்படை தெரிந்தால், சிலந்தி என்று துடைத்துவிடாதீர்கள். ஓரத்தை மெல்லப் பிரித்துப் பாருங்கள். பழுப்பாக ஒன்று பின்பக்கமாகவே ஓடி மறைந்தால், அது வலைப்பின்னிதான்.