அப்பத்தா படம் எங்கே?

'ஸ்டோரேஜ் ஃபுல்!'

செமஸ்டர் லீவுக்கு ஊருக்கு வந்த முதல் நாளே என் செல்போன் இப்படிக் கத்தியது. சரி, வேண்டாத போட்டோக்களைத் தூக்கிடலாம் என்று உட்கார்ந்தால், மொத்தம் 6,214 படங்கள்! கேன்டீன் பரோட்டா மட்டும் 40. ரெக்கார்டு நோட்டைப் பார்த்து எழுத எடுத்தது 300-க்கு மேலே. கொடைக்கானல் டூரில் ஒரே பாறை, ஒரே போஸ், 27 தடவை!

இதில் எங்க அப்பத்தா எத்தனை படத்தில் இருக்கு என்று தேடினேன். ஒன்றுகூட இல்லை.

போன ஆடியில் அப்பத்தா தவறிப்போச்சு. கண்ணீர் அஞ்சலி ஃபிளெக்ஸுக்கு ஒரு போட்டோ கேட்டார்கள். வீட்டில் ஐந்து செல்போன். ஐந்தையும் அலசினோம். கடைசியில் கிடைத்தது வாக்காளர் அட்டைதான். அதில் இருந்த தபால்தலை அளவு முகத்தை ஆறடிக்கு இழுத்தால் என்ன ஆகும்? கட்டம் கட்டமாக உடைந்துபோனது. "இது நம்ம அப்பத்தாவே இல்லடா" என்று தங்கச்சி அழுதது இன்னும் காதிலேயே நிற்குது.

கோடாக் கம்பெனியில் ஸ்டீவன் சாஸன் என்ற இன்ஜினீயர் 1975-ல் உருவாக்கிய முதல் டிஜிட்டல் கேமராவில் மொத்தமே 10,000 பிக்ஸல்தான். ஒரு படம் பதிவாக 23 விநாடி ஆகுமாம். இதை கிளாஸில் பெருமையா செமினார் எடுத்தவன் நான். என் பையிலேயே கோடிக்கணக்கான பிக்ஸல் இருந்தும் அப்பத்தாவை ஒரு கிளிக் பண்ணத் தோணலையே!

அந்த உறுத்தலோடுதான் வத்தலக்குண்டு கடைவீதிச் சந்தில் இருக்கும் ஒரு பழைய ஸ்டூடியோ படி ஏறினேன்.

முதல் படமே கடைசிப் படம்

ஸ்டூடியோ அய்யாவுக்கு எழுபது வயசு இருக்கும். விஷயத்தைச் சொன்னதும் சிரிக்கவில்லை, ஆச்சரியப்படவும் இல்லை.

"நிறையப் பேரு அந்தக் கார்டைத்தான் தம்பி கொண்டு வர்றாங்க. சேஷன் காலத்துல போட்டோ போட்ட அட்டை வந்துச்சுல்ல, அப்பதான் எங்க அம்மாவே முதல் தடவையா கேமரா முன்னால உக்காந்துச்சு. போட்டோ எடுத்தா ஆயுசு குறைஞ்சிரும்னு அதுவரைக்கும் பயம்."

டி.என்.சேஷன் தலைமைத் தேர்தல் ஆணையராக இருந்த 1993-ல்தான் நம்ம நாட்டில் புகைப்பட வாக்காளர் அட்டை அறிமுகமானது. கள்ள ஓட்டைத் தடுக்க வந்த அட்டை, கிராமத்துப் பாட்டிகள் பலருக்கு முதல் போட்டோவையும் எடுத்துக் கொடுத்துவிட்டது. அதுவே மாலை போட்ட கடைசிப் போட்டோவாகவும் ஆகிறது.

பேசிக்கொண்டே அய்யா ஒரு பழைய பிஸ்கட் டப்பாவைத் திறந்தார். ஆள் வந்து வாங்காமலேயே விட்டுப்போன படங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை வைத்திருக்கிறார், மனுஷன்!

கோட்டு மாப்பிள்ளை: கோட்டும் டையுமாக ஒரு இளவட்டம். பக்கத்தில் ஸ்டூல், மேலே டெலிபோன். "பொண்ணு வீட்டுக்கு அனுப்ப எடுத்தது. கோட்டு நம்ம கடைது. எல்லாருக்கும் ஒரே அளவு. பெரிசா இருந்தா முதுகுப் பக்கம் ஊக்கு குத்தி இழுத்து விட்டுருவேன். டெலிபோனுக்கு ஒயரே கிடையாது. இந்த ஒரு கோட்டுல எத்தனை கல்யாணம் முடிஞ்சிருக்குன்னு எனக்கே தெரியாதுப்பா!"

கண்ணாடிப் பொண்ணு: பட்டுப்பாவாடையில் ஒரு சிறுமி. பின்னால் கண்ணாடி வைத்து, பூ தைத்த ஜடை முழுசாகத் தெரிகிற மாதிரி எடுத்த படம். நம்ம வீட்டு ஆல்பத்தில் இப்படி ஒரு அத்தையோ சித்தியோ நிச்சயம் உண்டு. நிலக்கோட்டை மல்லி இத்தனை பக்கத்தில் இருக்கும்போது ஜடைக்கென்ன பஞ்சம்? "கண்ணாடிக்குள்ள நானும் கேமராவும் விழுந்திரக் கூடாது. அதுக்கு ஏத்த மாதிரி சாய்ச்சு வைக்கத்தான் அரை மணி நேரம் ஆகும். பிள்ளை கழுத்து வலிச்சு அழுதிரும். உத்துப் பாரு, கண்ணு கலங்கியிருக்கும்." உற்றுப் பார்த்தேன். ஆமாம்!

வெள்ளி அருவி ஜோடி: இந்தப் படம் டப்பாவில் இல்லை. பூ மூட்டை தூக்கும் ஓர் அம்மா லேமினேஷன் போடக் கொண்டு வந்து கொடுத்திருந்தார். கல்யாணமான புதுசில் கொடைக்கானல் போகும் வழியில் சில்வர் கேஸ்கேட் முன்னால் எடுத்தது. இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு முழம் இடைவெளி.

அவர் வந்ததும், "மலை இந்தா இருக்கு, அடிக்கடி போவீங்களாம்மா?" என்றேன்.

"எங்கிட்டு சாமி? அன்னைக்கு ஒரு தடவை போனதுதான். காட்ரோடு தாண்டுனதுமே எனக்கு வாந்தி. அவரு வேட்டியெல்லாம் பாழ். கீழ பாரு, மறைச்சு மறைச்சு நிப்பாரு."

படத்தில் அவர் கையை விசித்திரமாக மடக்கி, வேட்டி மேல் வைத்துக்கொண்டு நிற்கிறார். அவர் இறந்து பல வருஷமாச்சாம். வெறுமனே பார்த்தால் சாதாரண டூரிஸ்ட் போட்டோ. கதை தெரிந்த பிறகு அந்தக் கையை விட்டு என் கண் நகரவே இல்லை.

வெள்ளியாகப் போன நெகட்டிவ்

"அப்ப நெகட்டிவ் எல்லாம் எங்கேய்யா?" என்று ஆர்வமாகக் கேட்டேன். எங்க அப்பத்தா எந்தக் கல்யாணக் கூட்டத்திலாவது ஓரமாக நின்றிருக்காதா என்ற நப்பாசைதான்.

"எடைக்குப் போட்டாச்சு தம்பி."

கறுப்பு வெள்ளை ஃபிலிமில் உருவமாகப் பதிவதே வெள்ளித் துகள்தான். அந்த வெள்ளியைப் பிரித்தெடுக்க ஆள் வந்து வாங்கிப்போவார்களாம். வாடகைக் கடையில் எத்தனை டப்பாவைக் காப்பாற்றுவது? மிச்சம் இருந்ததை மோந்து பார்த்தேன். புளித்த காடி வாடை! அசிடேட் ஃபிலிம் வெப்பத்திலும் ஈரத்திலும் சிதையும்போது அசிட்டிக் அமிலம் வரும். ஃபர்ஸ்ட் இயர் கெமிஸ்ட்ரி, இப்படி மூக்கில் வந்து நிற்கும் என்று நினைக்கவில்லை.

ஃபிலிம் தயாரித்த இடமே போய்விட்டது. 1960-ல் தொடங்கப்பட்ட ஊட்டி ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ், 'இந்து' என்ற பெயரில் ஃபிலிம் விற்ற அரசு நிறுவனம். அதுவும் மூடப்பட்டுவிட்டது.

ஆறுதலான சேதியும் உண்டு. தமிழ்நாட்டுப் பழைய ஸ்டூடியோ படங்களை டிஜிட்டலாக்கும் வேலையைப் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் குழு ஒன்று 2010-களில் செய்தது. ஸோயி ஹெட்லி என்ற ஆய்வாளர் முன்னின்ற அந்த வேலைக்கு லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தின், அழியும் நிலையிலுள்ள ஆவணங்களுக்கான திட்டம் கைகொடுத்தது. பிரதமரோடு நின்ற படம், நடிகரோடு நின்ற படம் என்று பார்க்கவில்லை. நம்ம தாத்தா பாட்டி போஸ் கொடுத்த படம்தான் அவர்களுக்கு வரலாறு!

நம்ம ஊருக்கும் கேமராவுக்கும் இன்னொரு சொந்தமும் இருக்கு. 'வாடிவாசல்' எழுதிய சி.சு.செல்லப்பா வத்தலக்குண்டில் வளர்ந்தவர். ஜல்லிக்கட்டை எழுத்தில் மட்டுமில்லை, கேமராவிலும் பிடித்தவர். பக்கத்தில் நடப்பதைப் பார்க்க ஒரு கண் வேணும், அவ்வளவுதான்.

ஸ்டூடியோ அய்யா சொன்ன நாலு டிப்ஸ் இதோ: 

பழைய படத்துக்குப் பின்னால் பேர், ஊர், வருஷத்தைப் பென்சிலால் மெதுவாக எழுதுங்க. பேனா மை முன்பக்கம் ஊறிடும்.

ஒரிஜினலை லேமினேஷன் போடாதீங்க. ஒட்டினால் திரும்பப் பிரிக்க முடியாது. காப்பி எடுத்து அதுக்குப் போடுங்க. (பூக்கார அம்மாவுக்கும் அப்படித்தான் செய்து கொடுத்தார்.)

வாட்ஸ்அப்பில் சாதாரணமா அனுப்பினால் படம் சுருங்கிடும். டாக்குமென்ட்டா அனுப்புங்க.

முக்கியமா, கதை தெரிஞ்சவங்க இருக்கும்போதே கேட்டு வைங்க.

சரி, அப்பத்தா கிடைச்சுதா?

சொந்தக்காரங்க வீட்டு ஆல்பமெல்லாம் புரட்டினேன். ஒரு அத்தை வீட்டில் எனக்குக் காது குத்திய படம் இருந்தது. மாமா மடியில் நான் வாயைப் பிளந்து கதறுகிறேன். எல்லார் கண்ணும் கேமராவைப் பார்க்குது. ஓரத்தில் இருந்து ஒரே ஒரு கை மட்டும் நீண்டு என் தலையை அசையாமல் பிடித்திருக்கு. பச்சை குத்தின கை. ஆள் ஃபிரேமுக்கு வெளியே.

"ஏன் அப்பத்தா தள்ளி நின்னுச்சு?" என்று அத்தையிடம் கேட்டேன்.

"போட்டோக்காரரு கூப்பிட்டாருடா. தாலியறுத்தவ நல்ல காரியத்துல நடுவுல நிக்கக் கூடாதுன்னு அதுவே ஒதுங்கிருச்சு. நீ கத்துனதைப் பாத்துட்டு கையை மட்டும் நீட்டிருச்சு."

அந்த ஃபிளெக்ஸ் முகம் இப்போ எங்க வீட்டில் இல்லை. இந்தக் காதுகுத்துப் படத்தைத்தான் பெரிசாக்கி மாட்டியிருக்கோம். பார்க்க வருகிறவர்களுக்கு எல்லாம் தங்கச்சி அந்தக் கையைத்தான் தொட்டுக் காட்டுகிறாள்.

பாஸ், உங்க வீட்டுத் திண்ணையிலும் ஒரு அப்பத்தாவோ அம்மாச்சியோ உட்கார்ந்திருக்கும். "என்னை எதுக்குடா எடுக்குற"ன்னு முந்தானையால் மூஞ்சியை மூடும். விடாதீங்க. நடுவில் உட்கார வைத்து எடுங்க!