நாவுக்கு விலை

பார்லிமெண்டு அங்கத்தினரின் நா ஜனங்களுக்குச் சொந்தமானது. அதை வியாபாரிகளுக்கு வாடகைக்கு விடலாமோ? இக்கேள்விக்கு நம் பார்லிமெண்டு 1951-லேயே விடை பகர்ந்துவிட்டது.

பம்பாய்த் தங்கம் வெள்ளி வியாபாரிகள் சங்கத்திற்காகச் சபையில் பாடுபட முட்கல் என்னும் அங்கத்தினர் பணம் பெற்றதாகப் புகார் எழுந்தது. ஜவஹர்லால் நேருவின் பிரேரணைப்படி, டி. டி. கிருஷ்ணமாச்சாரி தலைமையில் கமிட்டி விசாரித்தது. கைமாறிய தொகை ரூ. 2,700 தான், ஆயினும் சபையின் கௌரவத்துக்கு அது இழுக்கென்று கமிட்டி கண்டது. அவரை வெளியேற்றும் தீர்மானம் விவாதத்தில் இருக்கையிலேயே முட்கல் ராஜிநாமாச் செய்தார். சபையோ அத்துடன் விடாமல், அவர் வெளியேற்றத் தக்கவரே என்று பதிவு செய்தது.

2005 டிசம்பரில், கேள்வி கேட்கக் கைநீட்டிய விவகாரத்தில் 11 அங்கத்தினர் பதவி இழந்தனர்.

தொகையைக் கொண்டு குற்றத்தை நாம் அளக்கலாகாது. காலணாவுக்கு விற்றாலும், விற்ற நா விற்ற நாவே!