லாக்4ஜே, லாக்4நெட்: பெயரில் என்ன இருக்கிறது?

கம்ப்யூட்டரில் புரோகிராம் பைல்ஸ் போல்டரைத் திறந்து பார்த்திருக்கிறீர்களா? சில புரோகிராம்களுடன் லாக்4நெட்.டிஎல்எல் என்றொரு பைல் இருக்கும். புரோகிராம் தான் செய்த வேலைகளையும் பிழைகளையும் குறித்து வைக்க உதவும் லைப்ரரி இது. அதாவது, பல புரோகிராம்கள் எடுத்துப் பயன்படுத்தும் ரெடிமேட் தொகுப்பு.

இதன் மூலம், ஜாவா மொழியில் எழுதப்பட்ட லாக்4ஜே. அதனை மைக்ரோசாப்ட்டின் டாட்நெட்டிற்கு மாற்றி எழுதியபோது ஜே போய் நெட் வந்தது. இப்படித்தான் ஜேயூனிட், என்யூனிட் ஆனது. இந்த வேலையை போர்ட் செய்தல் என்கிறோம்.

உள்ளே இருக்கும் கிளாஸ்களுக்கு என்ன பெயர் வைப்பது? ஒரு வேலைக்கான கட்டளைகளைக் கட்டிப் பெயர் ஒட்டிய மூட்டைதான் கிளாஸ். பைலில் எழுதும் கிளாஸின் பெயர் இரண்டிலும் பைல்அப்பெண்டர்தான். ஆனால் ஜாவாவில் அப்பெண்டர் என்றிருந்த இன்டர்பேஸ், டாட்நெட் வழக்கப்படி முன்னால் ஆங்கில ஐ சேர்ந்து ஐஅப்பெண்டர் ஆனது. கெட்லாகர் என்ற கட்டளை ஜாவாவில் சிறிய ஜி-யில் தொடங்கும். இங்கே கேபிடல் ஜி. (நல்லவேளை, தமிழில் இந்தத் தொல்லை இல்லை!)

கூடலூரை வெள்ளைக்காரர்கள் தங்கள் வாய்க்கு வந்தபடி எழுதினார்கள். இன்றும் கடலூர் பஸ் போர்டில் உள்ள ஆங்கிலத்தை எழுத்துக்கூட்டினால் 'கட்டலோர்' என்றுதான் வரும். சிதம்பரத்திற்கு அந்தக் கதி இல்லை. வெளியூர்க்காரரும் சரியாகக் கேட்டு இறங்கிவிடுவார். போர்ட் செய்யும்போது பெயர்கள் சிதம்பரம் போல வர வேண்டும் என்பது என் கட்சி. அப்போதுதான் ஜாவா புத்தகத்தில் படித்தது டாட்நெட்டிலும் கைகொடுக்கும்.

ஒரே மாதிரிப் பெயரால் குழப்பமும் உண்டு. 2021 டிசம்பரில் லாக்4ஜேயின் 2ஆம் பதிப்பு வரிசையில் லாக்4ஷெல் என்ற பெரிய ஓட்டை வெளியானது. வெளியாள் அனுப்பும் ஒரு வரியைக் குறித்து வைக்கும்போதே, அதிலுள்ள முகவரிக்குப் போய் அங்கிருக்கும் புரோகிராமை எடுத்து இயக்கிவிடும். அப்போது சிதம்பரத்திலிருந்து உறவினர் ஒருவர் போன் செய்தார். "தம்பி, நம்ம கம்ப்யூட்டர்லயும் லாக்4 இருக்கே, அழிச்சிடட்டுமா?" அவரிடம் இருந்தது லாக்4நெட். அந்த ஓட்டை அதில் இல்லை. அழித்திருந்தால் பில் போடும் புரோகிராம்தான் நின்றிருக்கும்.

உங்கள் கம்ப்யூட்டரில் லாக்4ஜே-கோர் என்று தொடங்கி ஜார் என முடியும் பைல் இருந்தால், அதையும் அழித்துவிட வேண்டாம். அது எந்தப் புரோகிராமின் போல்டரில் உள்ளது என்று பார்த்து, அந்தப் புரோகிராமின் புதிய பதிப்பை அதன் நிறுவனத் தளத்திலிருந்து இறக்கிப் பதிந்திடுங்கள்.