விளரிப்பாலையும் கிற்றார்த் தந்தியும்

என் தங்கையின் மகன் ‘ஹெவி மெற்றல்’ என்னும் மேனாட்டு இசையில் ஈடுபாடு உடையவன். இடிமுழக்கம் போன்ற ஓசையை விரும்பி வளர்க்கும் அவ்விசையில், பாட்டுக்கு நடுவே கிற்றார் தனித்து விரையும் பகுதி ஒன்று உண்டு. அதனை வாசிக்க விழைபவன் முதலிற் கற்க வேண்டியவை சுரவரிசைகள். அச்சிட்ட தாள் ஒன்றிலுள்ள ஏழு கட்டப்படங்களோடு அவன் மாதக்கணக்காக உழன்றான். ஒருநாள் மாலை சலித்துப்போய், “மாமா, ஏழையும் பாடமாக்கிப்போட்டன். எதை வாசிச்சாலும் ஒரே மாதிரித்தான் கேக்குது” என்றான்.

தாளை வாங்கிப் பார்த்தேன். அயோனியன், டோரியன், பிரிஜியன், லிடியன், மிக்சோலிடியன், ஏயோலியன், லொக்ரியன் என ஏழு பெயர்கள். கிரேக்கப் பழமை தோன்ற நிற்கும் இப்பெயர்களை இடைக்கால ஐரோப்பியர் பிறழச் சூட்டினமையால், இன்றைய டோரியன் கிரேக்கரின் டோரியன் அன்று. பெயர் ஓரிடத்தும் பொருள் ஓரிடத்துமாய்க் கிடப்பது நமக்கு மட்டும் உரிய துன்பம் அன்று என ஆறுதல் கொண்டேன்.

படங்கள் ஏழாயினும் அவை காட்டிய சுரங்கள் ஒரே ஏழுதாம். முதற்படம் முதற்சுரத்தில் தொடங்குகின்றது, அடுத்தது இரண்டாஞ் சுரத்தில், ஏனையவும் இவ்வாறே. குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்னும் ஏழனுள் ஒவ்வொன்றையும் முறையே குரலாகக் கொள்ள ஏழு பாலைகள் பிறக்கும் என்று, அரங்கேற்று காதையைக் கற்பிக்கும்போது நான் கரும்பலகையிற் கட்டம் கீறிக் காட்டுவதும் இதுவே.

கற்பிப்பேன் என்றேனேயன்றிக் கேட்டதுண்டு என்று கூறினேனல்லேன். செம்பாலை முதல் மேற்செம்பாலை ஈறாக ஏழு பெயர்களையும் மாணவர் ஒப்புவிப்பர். தேர்விற் புள்ளியும் பெறுவர். விளரிப்பாலை எப்படி ஒலிக்கும் என்று முன்னொரு மாணவி கேட்டபோது, அது தேர்வுக்கு வேண்டாம் என்று சொல்லிக் கடந்தேன். காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகள், 1947இல் வெளிவந்த யாழ்நூலில், வழக்கொழிந்த யாழ்களின் இசையைக் கணக்கிட்டு மீட்க முயன்றதை மேடைதோறும் புகழ்ந்து பேசிய நாவே அவ்விடையையும் கூறிற்று. மருமகன் விரலாற் பாடமாக்கினான். நான் நாவாற் பாடமாக்கினேன். இருவர் செவியும் வாளா இருந்தன.

ஆதலால் ஒரு சோதனை செய்தோம். கிற்றாரின் 6 தந்திகளும் வழக்கமான முறையிற் சுருதி கூட்டப்பட்டால், தடித்த தந்தி முதலாக ஈ, ஏ, டி, ஜி, பி, மீண்டும் ஈ என்னும் சுரங்களில் நிற்கும். ‘சி’யில் தொடங்கும் அயோனியன் வரிசை நம் சங்கராபரணம். அதன் 7 சுரங்களை மட்டுமே அவன் வாசிக்க, நான் சுருதிப்பெட்டியை ஒவ்வொரு தந்தியின் சுரத்துக்கும் மாற்றி ஒலிக்கவிட்டேன். சுருதி ‘ஜி’யில் நின்றபோது அரிகாம்போதியின் சுரங்கள் கேட்டன, ‘டி’யில் கரகரப்பிரியா, ‘ஏ’யில் நடபைரவி, ‘ஈ’யில் தோடி. (மேளத்தின் சுரங்களையே சொல்கின்றேன், கமகம் இல்லாத தோடியைத் தோடி என்றால் இசைவாணர் என்னை மன்னியார்.) அவன் விரல்கள் சென்ற இடங்கள் மாறவில்லை, சுரம் ஒன்றும் கூடவோ குறையவோ இல்லை. ஆயினும் ஒவ்வொரு முறையும் வேறொரு முகம் தோன்றிற்று. ‘ஈ’ ஒலித்தபோது, குரலை ஒட்டி நெருங்கி நிற்கும் இரண்டாஞ் சுரத்தைத் தொட்ட மாத்திரத்தே, “மாமா, இதுதான் மெற்றல்!” என்று துள்ளினான். அது பிரிஜியன். பாலைகளை இன்றைய மேளங்களோடு பொருத்துவதில் அறிஞரிடையே வேறுபாடு உண்டு. அரிகாம்போதியே செம்பாலை என்னும் பெருவழக்கான கொள்கைப்படி அதுவே விளரிப்பாலை. அம்மாணவிக்குரிய விடையை அன்றுதான் நான் கேட்டேன்.

எஞ்சியது ‘பி’. அதிற் சுருதிப்பெட்டியின் பஞ்சமமே இடறிற்று; லொக்ரியனில் நிறைந்த பஞ்சமம் இல்லை. சங்கராபரணத்தின் நிகரத்தைச் சகரமாக்கினால் மேளம் பிறவாது எனக் கருநாடக இசையார் கூறுவதும் இதனாலேயே.

ஹெவி மெற்றலில் இவ்வேறுபாடு தெளிவாகப் புலப்படுதற்கு வேறொரு காரணமும் உண்டு. மேனாட்டுச் சுரக்கூட்டு பெரும்பாலும் முதலாம், மூன்றாம், ஐந்தாம் சுரங்கள் சேர்ந்தது. மின்கிற்றாரின் ஒலியை வேண்டுமென்றே சிதைத்துப் பெருக்கும்போது மூன்றாஞ் சுரம் கலங்கிக் கரகரக்கும். ஆகவே அதனை விலக்கிக் குரலையும் இளியையும் மட்டும் முழக்குவர். ‘பவர் கோட்’ என்பது அதன் பெயர். நம் தம்புரா இசைக்கும் சகரமும் பஞ்சமமும் அவையே அன்றோ! கீழே மூன்றாஞ் சுரம் கூறப்படாமையால், மேலே தனித்து வாசிப்பவன் தான் விரும்பும் காந்தாரத்தை எடுக்கலாம். பேரிரைச்சல் என்று நான் காதைப் பொத்திய ஓசையின் அடியில் ஒரு சுருதி நின்றதை அறிய இத்தனை காலம் சென்றது.

இவ்விசைக்கு வித்திட்டவருள் ஒருவர் இங்கிலாந்தின் பேர்மிங்காம் நகரத்தவரான ரொனி அயோமி. 17 வயதில், உலோகத் தகட்டுத் தொழிற்சாலையில் நேர்ந்த விபத்தில், வலக்கை விரல்கள் இரண்டின் நுனிகளை இழந்தார். இடக்கையால் மீட்டுபவராதலின் தந்தியை அழுத்தும் கை அதுவே. பிளாஸ்ரிக் போத்தலை உருக்கி விரற்கவசம் செய்து, அதன்மேல் தோல் ஒட்டி, மெல்லிய தந்திகளைப் பூட்டி மீண்டும் வாசித்தார். பின்னர், 1971இல் வெளிவந்த இசைத்தட்டில், தந்திகளை மூன்று அரைச்சுரம் தளர்த்தியும் கட்டினார். ஓசை மேலும் தாழ்ந்து கனத்தது. அவரது ‘பிளக் சபாத்’ குழுவின் முதல் இசைத்தட்டு 1970இல் வந்தது. அதன் முதற்பாட்டில் ஒரு சுரம், அதன் மேற்றாயிச் சுரம், பின்னர் 6 அரைச்சுரம் விலகிய சுரம், இம்மூன்றுமே அச்சத்தை எழுப்புகின்றன. ‘பி’ சுருதியில் எங்களை இடறிய அதே இடைவெளிதான் அது.

சுவீடன் நாட்டு இங்வி மாம்ஸ்ரீன் 1984இல் வெளியிட்ட இசைத்தட்டில் கீரவாணியின் சுரங்கள் மின்னல் வேகத்தில் ஓடுகின்றன. கீரவாணியின் பஞ்சமத்தைக் குரலாக்க வகுளாபரணம் பிறக்கும். அதுவும் இவர்க்கு உவப்பானது. வேகத்தைக் கேட்டு மயங்கிய மருமகனுக்கு, சரளி வரிசையை மூன்று காலத்தில் வாசிக்கும் நம் முறையை நினைவூட்டினேன். தந்திக்கு மூன்று சுரமாக, மேலுங் கீழும் மாறிமாறி மீட்டி, தாளக்கருவி தட்டும் மெதுவான நடையிலே தொடங்க வேண்டும். 1982இல் 25ஆம் வயதில் விமான விபத்தில் மறைந்த ரன்டி றோட்ஸ், கச்சேரிக்காக ஊர் ஊராகச் சென்றபோதும் செவ்வியற் கிற்றார் ஆசிரியரைத் தேடிப் பாடங்கேட்டவர். இதனை எனக்குச் சொன்னவன் மருமகனே. சொன்ன பின்னர்தான் அது தனக்கே எதிராகும் என்பதை உணர்ந்து சிரித்தான்.

அடுத்த தவணையில் அரங்கேற்று காதை மீண்டும் வருகின்றது. கிற்றாரோடு வகுப்புக்கு வா என்று அவனைக் கேட்டேன். ஒலிபெருக்கிப் பெட்டியும் கூடவே வரும் என்றான். அதிபரிடம் இன்னும் நான் வாய்திறக்கவில்லை.