பட்டியலில் தேடினால் ‘0/0’... பெயர் இல்லை என்று அர்த்தமா?

வாக்காளர் பட்டியலை மொபைலில் திறந்து பெயரைத் தேடினால் ‘0/0’ என்று வருகிறதா? பெயரை நீக்கிவிட்டார்கள் என்று பதற வேண்டாம். தேடலில் சிக்காததும் பட்டியலில் இல்லாததும் வேறு வேறு.

தேர்தல் ஆணையம் இந்தப் பட்டியல்களைப் பட வடிவ பிடிஎஃப்களாக வெளியிடுகிறது. சொல்லைத் தேடக்கூடிய வடிவில் வேண்டும் என்று கமல்நாத்தும் சச்சின் பைலட்டும் தொடுத்த வழக்குகளை உச்ச நீதிமன்றம் 2018-ல் தள்ளுபடி செய்தது. நம் கண்ணுக்கு எழுத்து; போனுக்கு வெறும் போட்டோ. எத்தனை முறை தேடினாலும் சிக்காது. ஆணையத்தின் வாக்காளர் சேவை இணையதளத்தில், வாக்காளர் அட்டையிலுள்ள எண்ணைக் கொடுத்துத் தேடுவதே சரியான வழி.

சாதாரண இணையப் பக்கம் என்றால் கதை வேறு. ஆண்ட்ராய்டு குரோமில் மூன்று புள்ளி மெனுவிலும், ஐபோன் சஃபாரியில் ஷேர் பட்டனிலும் தேடும் வசதி இருக்கிறது. ‘செந்தில்குமார்’ என்று நீங்கள் தேட, பக்கத்தில் ‘செந்தில் குமார்’ என்று இடைவெளி விட்டிருந்தால் போச்சு! ‘செந்தி’ என்று மட்டும் போடுங்கள். நீளமான பட்டியல் சில தளங்களில் விரலால் தள்ளத் தள்ளத்தான் வரும். கடைசி வரை போய்விட்டுத் தேடுங்கள்.

கம்ப்யூட்டரில் ஃபயர்ஃபாக்ஸ் என்றால், தேடல் பட்டையில் ‘முழுச் சொல்’ என்பது டிக் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். ஆகியிருந்தால் ‘செந்தி’ என்று போட்டாலும் வராது.

பழைய தமிழ் ஆவணங்களில் இன்னொரு வில்லங்கம். பாமினி போன்ற எழுத்துருவில் அடித்திருந்தால், திரையில் தமிழாகத் தெரிந்தாலும் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகள். அங்கே, கண்ணால் ஒவ்வொரு வரியாகப் பார்க்க வேண்டியதுதான்.