சாப்பிட மறுக்கும் நாய்க்குட்டி: அடமா, நோயா?

மாலை ஆறு மணி. வேலை முடிந்து, சாலை நெரிசலில் சிக்கித் தவித்து, சுங்கை பூலோவில் இருக்கும் தாமான் வீட்டுக்குத் திரும்பும் குடும்பத் தலைவி கதவைத் திறந்ததும் முதலில் பார்ப்பது நாய்க்குட்டியின் தட்டைத்தான். காலையில் போட்ட தீனி அப்படியே கிடக்கிறது. அதைச் சுற்றி எறும்பு வரிசை. குட்டியோ வாலை ஆட்டிக்கொண்டு காலைச் சுற்றி வருகிறது. “ஐயோ பாவம், காலையிலிருந்து பட்டினி!” என்று மனம் பதறுகிறது. உடனே குளிர்சாதனப் பெட்டியிலிருந்து கோழியை எடுத்து வேகவைத்து, கையாலேயே ஊட்டியும் விடுகிறார். குட்டி நக்கி நக்கிச் சாப்பிடுகிறது. வீட்டில் எல்லாருக்கும் நிம்மதி. மறுநாள் காலை மீண்டும் அதே தீனி, மாலையில் மீண்டும் அதே எறும்பு வரிசை.

கிள்ளான், பிரிக்பீல்ட்ஸ் என்று எங்கே நாய்க்குட்டி வளர்த்தாலும் இந்தக் காட்சி பல வீடுகளுக்குப் பழகிப்போன ஒன்று. இதில் இரண்டு வகையில் ஏமாந்துபோக வாய்ப்புண்டு. நன்றாக இருக்கும் குட்டியை நோயாளியாக நினைத்துச் செல்லம் கொடுப்பது ஒன்று. உண்மையிலேயே நோயுற்ற குட்டியை, “அடம் பிடிக்கிறது, பசித்தால் தானாகச் சாப்பிடும்” என்று விட்டுவிடுவது மற்றொன்று. முதல் தவற்றைப் பிறகு சரிசெய்து கொள்ளலாம். இரண்டாவது தவறு சில வேளைகளில் இரண்டே நாளில் குட்டியின் உயிரை வாங்கிவிடும். ஆகவே, நோயிலிருந்து தொடங்குவதே முறையாகும்.

முதல் சந்தேகம் நோயின் மீது

நாய்க்குட்டிகளைத் தாக்கும் நோய்களில் மிகவும் அஞ்ச வேண்டியது பார்வோ வைரஸ். 1978-ஆம் ஆண்டு வாக்கில் அடையாளம் காணப்பட்டு, ஓரிரு ஆண்டுகளிலேயே உலகெங்கும் பரவிய கிருமி இது. 6 வாரம் முதல் 6 மாதம் வரையிலான குட்டிகளை, அதுவும் தடுப்பூசி முழுமையாகப் போடாத குட்டிகளை, இது அதிகம் பிடிக்கிறது. வாந்தியும் இரத்தம் கலந்த பேதியும் வந்தால் எவரும் பதறிப்போய் கிளினிக்குக்கு ஓடுவார்கள். ஆனால், அவை வருவதற்கு முன்பே குட்டி சோர்ந்து படுக்கும், உணவை முகர்ந்துவிட்டு விலகிப் போகும். அந்த முதல் நாளைத்தான் பலர் ‘அடம்’ என்று தவறாகக் கணக்குப் போடுகிறார்கள். சிகிச்சை இல்லாமல் விட்டால் நோய் கண்ட குட்டிகளில் பெரும்பாலானவை இறந்துவிடும். உடலில் நீர் வற்றுவதற்குள் மருத்துவரிடம் சேர்த்துவிட்டால் பெரும்பாலானவை பிழைத்துக்கொள்ளும். இந்த இரண்டுக்கும் நடுவில் இருப்பது சில மணி நேர வித்தியாசம்தான்.

பார்வோ கிருமி மண்ணில் பல மாதங்கள் உயிரோடு இருக்கும். பக்கத்து வீட்டில் போன வருடம் ஒரு நாய் இந்நோயால் இறந்திருந்தால், அந்த வாசலில் மிதித்த செருப்பே கிருமியை இந்த வீட்டுக்குக் கொண்டுவந்துவிடும். 6 முதல் 8 வார வயதில் தொடங்கி, சில வார இடைவெளியில், 16 வாரம் வரை தடுப்பூசியைத் தொடர வேண்டும் என்பது இதனால்தான். ஒரே ஊசியோடு “போட்டாகிவிட்டது” என்று நிறுத்திக்கொள்வது போதாது.

நம் நாட்டு வெப்பத்துக்கும் ஈரத்துக்கும் உண்ணித் தொல்லையும் குறைவில்லை. உண்ணிக் கடியால் பரவும் எர்லிக்கியா நோய் காய்ச்சலையும் பசியின்மையையும் கொண்டுவரும், ஈறு வெளுத்துப்போகும். குடலில் புழு இருக்கும் குட்டிக்கு வயிறு மட்டும் உப்பி, உடம்பு மெலிந்திருக்கும். எலி நடமாடும் கால்வாய் ஓரங்களில் எலிச் சிறுநீரால் பரவும் லெப்டோஸ்பைரோசிஸ் மனிதர்களையும் விட்டுவைப்பதில்லை.

சுங்கை பூலோ வட்டாரத்தில் இன்னொரு சங்கதியையும் கவனிக்க வேண்டும். தொழுநோயாளிகளுக்கான குடியிருப்பாக 1930-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட இடத்தில், அங்கு வாழ்ந்தவர்கள் கையால் வளர்ந்த தொழில் பூச்செடி வளர்ப்பு. இன்றும் வார இறுதியில் செடி வாங்க அங்கே கூட்டம் கூடுகிறது. வாங்கி வரும் அழகுச் செடிகளில் சில நாய்க்குட்டிக்கு எமன். டீஃபன்பேக்கியா, மணி பிளாண்ட் போன்ற செடிகளின் இலையைக் கடித்தால் வாயும் நாக்கும் எரிந்து வீங்கும். குட்டி எச்சில் ஒழுக நிற்குமே தவிர எதையும் தின்னாது. பனைபோல் குட்டையாக வளரும் சைக்கஸ் அதைவிடப் பொல்லாதது. அதன் விதை கல்லீரலையே பழுதாக்கும். அரளி இதயத்தைத் தாக்கும். செடியோடு சேர்த்து வாங்கும் நத்தை மருந்தையும் குட்டி தீனி என்று நினைத்துத் தின்றுவிடும். ஆகவே, திடீரென்று சாப்பாட்டை மறுக்கும் குட்டியின் வாயை ஒருமுறை திறந்து பார்ப்பதும், வாசலில் எந்தச் செடி கடிபட்டிருக்கிறது என்று பார்ப்பதும் நல்லது.

எவ்வளவு நேரம் பொறுக்கலாம்? வாந்தி, பேதி, சோர்வு, வெளுத்த ஈறு, வீங்கிய வயிறு ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் பொறுக்கவே கூடாது. வேறு அறிகுறி இல்லாமல், விளையாடிக்கொண்டே உணவை மட்டும் மறுத்தால், வளர்ந்த குட்டிக்கு ஒரு நாள் பார்க்கலாம். சிவாவா, பொமரேனியன் போன்ற சிறிய இனக் குட்டிகளுக்கும், 4 மாதம் நிரம்பாத எந்தக் குட்டிக்கும் அந்த ஒரு நாள் கிடையாது. இரண்டு வேளை தவறினாலே இரத்தத்தில் சர்க்கரை இறங்கி, நடை தள்ளாடி, வலிப்பு வரை போகலாம். அப்படித் தள்ளாடினால் ஈறில் கொஞ்சம் தேனோ சீனித் தண்ணீரோ தடவிக்கொண்டு உடனே மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போக வேண்டும். மயங்கிய குட்டியின் வாயில் எதையும் ஊற்றக்கூடாது. வட்டாரக் கிளினிக்கில் முடியாத பரிசோதனைகளுக்கு செர்டாங்கில் புத்ரா மலேசியா பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவமனை இருக்கிறது.

தடுப்பூசி போட்ட மறுநாள் பசி குறைவதும், மூன்றரை மாதம் முதல் ஏழு மாதம் வரை பால் பற்கள் விழுந்து முளைக்கும்போது கடினமான தீனியைத் தவிர்ப்பதும் இயல்பானவை. பல் முளைக்கும் சமயத்தில் தீனியை வெந்நீரில் ஊறவைத்து, ஆறியபின் கொடுத்தால் போதும்.

கற்றுக்கொடுத்தது யார்?

மருத்துவர் பார்த்துவிட்டார், நோய் எதுவும் இல்லை. அப்படியானால் குட்டி ஏன் சாப்பிட மறுக்கிறது?

பல வேளைகளில் அதற்குப் பசியே இல்லை என்பதுதான் உண்மை. பால் மறந்த குட்டிக்கு, எடைக்கு எடை பார்த்தால், வளர்ந்த நாயைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு சக்தி தேவைப்படும். நான்கைந்து மாதத்தில் வளர்ச்சி வேகம் குறையத் தொடங்கும்போது அந்தத் தேவையும் இறங்குகிறது. போன மாதம் தட்டை நக்கித் துடைத்த குட்டி இந்த மாதம் பாதியில் எழுந்து போவது அதனால்தான். இது தெரியாத வீட்டார் கலங்கிப்போகிறார்கள். இன்னும் சிலர், பாக்கெட்டின் பின்புறம் ‘ஒரு நாளைக்கு’ என்று போட்டிருக்கும் அளவை ஒரு வேளைக்கு என்று எண்ணிக் கொட்டுகிறார்கள். பிறகு குட்டி மிச்சம் வைக்கிறது என்று வருத்தப்படுகிறார்கள்.

இதோடு, மாலைத் தேநீரில் நனைத்த பிஸ்கட், தாத்தா மேசைக்கடியில் நீட்டும் ரொட்டி சானாய்த் துண்டு, பிள்ளைகள் போடும் கெரோப்போக் எல்லாம் சேர்கின்றன. ஆறு கிலோ குட்டிக்கு அரை ரொட்டி சானாய் என்பது ஒரு வேளைச் சாப்பாட்டுக்குச் சமம். கணக்கில் வராத தீனியே வயிற்றை நிரப்பிவிடுகிறது. தின்பண்டம் ஒரு நாள் உணவில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது என்று கால்நடை மருத்துவர்கள் சொல்வது இதற்காகத்தான்.

குட்டி மெலிகிறதா இல்லையா என்பதைத் தட்டைப் பார்த்துச் சொல்ல முடியாது. உடம்பைத் தொட்டுத்தான் சொல்ல வேண்டும். விலாவில் விரலை வைத்து லேசாகத் தடவினால் எலும்பு தட்டுப்பட வேண்டும், ஆனால் துருத்தித் தெரியக்கூடாது. மேலிருந்து பார்த்தால் இடுப்பு சற்று ஒடுங்கியிருக்க வேண்டும். வாரம் ஒருமுறை குட்டியைத் தூக்கிக்கொண்டு எடை இயந்திரத்தில் ஏறி, பிறகு தனியே ஏறி, வித்தியாசத்தைக் குறித்துக்கொள்ளலாம். எடை சீராக ஏறினால், தட்டில் மிச்சமிருப்பதைப் பார்த்து யாரும் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளத் தேவையில்லை.

எடை சரியாக இருந்தும், பிடித்ததை மட்டும் தேர்ந்தெடுத்துச் சாப்பிடுகிறது என்றால், அது வீட்டில் படித்த பாடம். தீனியை ஒதுக்கினால் கோழி வரும். கோழியையும் முகர்ந்துவிட்டு நின்றால் ஈரல் வரும். இந்தக் கணக்கு குட்டிக்கு இரண்டு மூன்று முறையிலேயே பிடிபட்டுவிடுகிறது. அதை அடம் என்பதைவிடக் கெட்டிக்காரத்தனம் என்று சொல்வதே பொருத்தம். வேறு ருசியில் வேறு பாக்கெட் வாங்கினால் இரண்டு மூன்று நாள் ஆவலாகத் தின்னும். புதிய வாசனையின் மேல் நாய்களுக்கு ஏற்படும் ஆர்வம் அது. வாசனை பழகியதும் தட்டு மீண்டும் அப்படியே கிடக்கும். அலமாரியில் பாதி தீர்ந்த நான்கு பாக்கெட்டுகள் அடுக்கியிருக்கும் வீடுகளில் நடந்தது இதுதான்.

கோழி மட்டும் போதுமா?

“என் குட்டி கோழியும் சோறும் மட்டும்தான் சாப்பிடும்” என்று பெருமையாகச் சொல்பவர்கள் உண்டு. உண்மையில் கவலைப்பட வேண்டிய பேச்சு இது. வெறும் இறைச்சியில் பாஸ்பரஸ் அதிகம், சுண்ணாம்புச் சத்து மிகவும் சொற்பம். வளரும் குட்டிக்கு இரண்டும் ஏறக்குறைய சமமாக, சுண்ணாம்புச் சத்து சற்றுக் கூடுதலாகவே வேண்டும். கிடைக்காவிட்டால் உடம்பு தன் எலும்பிலிருந்தே அதை உருவிக்கொள்ளும். கால் வளையும், சோபாவிலிருந்து குதித்தாலே எலும்பு முறியும். அதற்காக மருத்துவரைக் கேட்காமல் கால்சியம் மாத்திரை கொடுப்பதும் ஆபத்து. கோல்டன் ரிட்ரீவர், ரோட்வீலர் போன்ற பெரிய இனக் குட்டிகளுக்கு மிகையான கால்சியம் எலும்பு வளர்ச்சியையே கெடுத்துவிடும்.

செவ்வாய், வெள்ளிக்கிழமைகளில் சைவம் சமைக்கும் வீடுகளில் குட்டிக்கும் சாம்பார் சாதம் கிடைப்பது வழக்கம். சாம்பாரில் இருக்கும் சின்ன வெங்காயம் நாய்க்கு நஞ்சு என்பது பலருக்குத் தெரிவதில்லை. ஒரு கிலோ எடைக்கு 15 முதல் 30 கிராம் வெங்காயமே நாயின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கப் போதுமானது. வேகவைத்தாலும் வறுத்தாலும் அந்த நஞ்சு போகாது. பூண்டும் அதே குடும்பம்தான். இரத்தம் குறைந்த குட்டி சோர்ந்து சாப்பாட்டை மறுக்கும். அது சாப்பிட வேண்டும் என்பதற்காக இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றிப் பிசைந்து வைப்பார்கள். பாயசத்து முந்திரிப்பழம் என்கிற உலர்ந்த திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும். வெந்த கோழி எலும்பு குடலைக் குத்தும்.

பழக்கத்தை மாற்றும் வழி

நோயில்லை என்று உறுதியான, 4 மாதத்தைத் தாண்டிய குட்டிக்கு வேளையை வரையறுத்துவிடுவதே வழி. 6 மாதம் வரை நாளுக்கு மூன்று வேளை, பிறகு இரண்டு வேளை. தட்டை வைத்து 15, 20 நிமிடம் விட்டு, சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் பேசாமல் எடுத்துவிட வேண்டும். கெஞ்சுவதும் ஊட்டுவதும் கூடாது. அடுத்த வேளை வரை தண்ணீர் மட்டும். இது பட்டினி போடுவதல்ல. அடுத்த வேளைச் சாப்பாடு குறித்த நேரத்தில் வந்தே தீரும். ஏற்ற உணவு கொடுப்பதை வளர்ப்பவரின் கடமையாகவே 2015-ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம் வைத்திருக்கிறது. ஆகவே, ‘பாடம் கற்பிக்கிறேன்’ என்று நாள்கணக்கில் நீட்டக்கூடாது. சிறிய இனக் குட்டிகளுக்கு மருத்துவரைக் கேட்டுத்தான் இந்த முறையைத் தொடங்க வேண்டும்.

தீனியை மாற்றியே ஆக வேண்டும் என்றால் பழையதோடு புதியதைச் சிறிது சிறிதாகக் கலந்து, 7 முதல் 10 நாளில் மாற்றலாம். கோழிக்குப் பழகிய குட்டிக்கும் இதே போல்தான்: உப்பும் மசாலாவும் சேர்க்காத கோழியைத் தீனியோடு பிசைந்து வைத்து, நாளுக்கு நாள் கோழியைக் குறைத்துக்கொண்டே வரலாம். நாய் நாக்கால் அறிவதைவிட மூக்கால் அறிவதே அதிகம். குளிர்சாதனப் பெட்டியிலிருந்து நேரே எடுத்துவைத்த உணவில் அதற்கு வாசனை இராது. கொஞ்சம் வெந்நீர் தெளித்தால் போதும். நண்பகல் வெயிலில் பசி மந்தமாக இருக்கும். அதிகாலையிலும் வெயில் தாழ்ந்த பிறகும் உலாவிவிட்டு வந்து கொடுப்பது எளிது. எறும்புக்கு, தண்ணீர் ஊற்றிய அகலத் தட்டின் நடுவில் தீனிக் கிண்ணத்தை வைக்கும் பாட்டி காலத்து யுக்தியே போதுமானது.

நம் ஊர் ஈரக்காற்றில் திறந்து வைத்த பாக்கெட் சீக்கிரம் நமத்துப்போய், கொழுப்புச் சிக்கு வாடை அடிக்கும். கடைகளில் கிலோ கணக்கில் பிரித்துக் கட்டித் தரும் தீனியில் காலாவதித் தேதியும் இராது, தயாரிப்பு எண்ணும் இராது. இந்த எண் ஏன் வேண்டும் என்பதற்கு ஒரு கசப்பான வரலாறு உண்டு. 2004-ஆம் ஆண்டில் ஆசிய நாடுகள் சிலவற்றிலும், 2007-ஆம் ஆண்டில் வட அமெரிக்காவிலும், கடையில் வாங்கிய தீனியைத் தின்ற நாய்கள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தன. மெலமைனும் சயனூரிக் அமிலமும் தீனியில் கலந்திருந்தது பின்னர் தெரியவந்தது. பாதிக்கப்பட்ட பிராணிகளிடம் தெரிந்த அறிகுறிகளில் ஒன்று உணவை மறுத்தது. புதிய பாக்கெட்டைப் பிரித்த அன்றிலிருந்து குட்டி தின்ன மறுத்தால், அதன் மூக்கை நம்பி, பாக்கெட்டைக் கட்டி எடுத்துவைப்பது நல்லது.

இத்தனையும் சரியாக நடந்து, தாத்தா மட்டும் யாருக்கும் தெரியாமல் ரொட்டி சானாய் கொடுத்துக்கொண்டிருந்தால் ஒரு பயனும் இல்லை. அவரைக் கடிந்துகொண்டு ஆகப்போவதும் ஒன்றுமில்லை. காலை வேளைத் தீனியை அளந்து வைக்கும் பொறுப்பை அவரிடமே கொடுத்துவிடலாம். குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒரு தாளை ஒட்டி, யார், எத்தனை மணிக்கு, எதை, எவ்வளவு கொடுத்தார்கள் என்று எழுதி வரலாம். குட்டியை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓட வேண்டிய நாள் வந்தால், அவர் கேட்கும் முதல் கேள்விகளுக்குப் பதில் அந்தத் தாளிலேயே இருக்கும்.